கடலுக்குப் போன வாத்துகள்

நாங்கள் சொந்தமாக வாத்து வாங்கிய முதல் வருடம் அது. அதற்கு முன் பதினோரு வருடம் அடுத்தவர் வாத்தைத்தான் மேய்த்தோம். வாத்து மேய்க்கிறவனுக்கு வீடு என்றால் ஒரு தார்ப்பாய், அடைத்துவைக்க ஒரு வலை, இரண்டு கோல். அறுப்பு முடிந்த வயல் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். ஒலக்கூர்ப் பக்கம் பத்து நாள், பெருமுக்கல் பக்கம் ஒரு வாரம், பிறகு கிழக்கே. எனக்கு அது ஒத்துப்போயிற்று. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே ஒரே இடத்தில் உட்கார முடியாமல்தான். செங்கல் சூளை, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, லாரியில் கிளீனர், எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. வாத்து தினமும் நடந்தது. நானும் கூடவே நடந்தேன்.

அந்தத் தை மாதம் மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, ஒரு சவுக்குக் காட்டின் ஓரத்தில் வலை கட்டியிருந்தோம். நூற்று அறுபது பெட்டை, நான்கு ஆண். பெட்டைகள் முட்டை வைக்க இன்னும் பத்து நாள்தான். முட்டை வந்துவிட்டால் நிலைத்துவிடலாம். கூட்டம் சிதறினால் மறுபடி யாருடைய வாத்தையாவது ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். இதை நானும் என் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே தெரியும்.

பருவம் தப்பிய மழை இரண்டு நாள் பெய்து விட்டிருந்தது. காலையில் வலையைத் திறந்தேன். நாற்பது வாத்து வெளியே வந்திருக்கும், எங்கிருந்தோ இரண்டு நாய்கள் பாய்ந்தன. நான் கோலை வீசி நாயைத் துரத்தி, மீதியை உள்ளே தள்ளி வலையைக் கட்டுவதற்குள் அந்த நாற்பதும் காட்டுக்குள் போய்விட்டன.

"நாய வெரட்டுறியா, வாத்த வெரட்டுறியா? எதுனா ஒண்ணு பண்ணுயா," என்றாள் மனைவி. அடுப்பில் இருந்த கூழை இறக்கி, தூக்குவாளியில் ஊற்றி, கையில் எடுத்துக்கொண்டாள். எங்கே போனாலும் சோற்றை விட்டுவிட்டுப் போக மாட்டாள்.

காட்டுக்குள் ஒரே ஒரு வழி. சவுக்குக்கட்டை ஏற்றும் டிராக்டர்கள் உழுதுபோட்டது. மழையில் அது களியாகிக் கிடந்தது. பத்தடியில் என் செருப்பு ஒன்று உள்ளே போயிற்று. கையை விட்டுத் துழாவினேன், கிடைக்கவில்லை. மற்றதையும் கழற்றி எறிந்தேன். அவள் முதலிலேயே செருப்பைக் கழற்றிச் சேலை முந்தானையில் முடிந்திருந்தாள்.

சேறு ஒரு விதத்தில் நல்லதாயிற்று. வாத்துகளின் தடம் அச்சுப் போட்டதுபோல் விழுந்திருந்தது. விரலிடைத் தோல் கூடத் தெரிந்தது. சவுக்கு முடிந்து முந்திரி வந்தது, முந்திரிக்கு அப்பால் காரைமுள்ளும் ஈச்சம்புதரும் பனையும் கலந்த பழைய காடு. மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மழை கழுவிய வாசனை, எறும்புப் புற்றுகளில் ஈரம். வாத்து போன பயத்திலும் எனக்கு நடை பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இன்னாயா சிரிக்கிற?"

"சிரிக்கலமே."

"சிரிச்ச. வாத்து காணாப் போச்சுன்னு சிரிக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்." அடுத்த அடியில் வழுக்கி உட்கார்ந்தவள், தூக்குவாளியைத் தலைக்கு மேலே பிடித்துக் காப்பாற்றினாள். கூழ் சிந்தவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மண் மெல்ல மணலாக மாறியது. தாழம்புதரைச் சுற்றிக்கொண்டு ஒரு மணல்மேட்டில் ஏறினோம். மேலே போனதும் எதிரே எல்லாம் கடல். மழை ஓய்ந்த காலை, வெயில் அப்போதுதான் வந்திருந்தது. கரையோரம் கலங்கல், அதற்கு அப்பால் பச்சை, அதற்கும் அப்பால் கண் கூசியது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை மணல்.

அவள் பாண்டிச்சேரியில் கடலைப் பார்த்தவள். "இது கல்லு போடாத கடலு," என்றாள். அங்கே கரை முழுக்கப் பாறாங்கல் கொட்டியிருக்கும். பிறகு கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "யோவ், அங்க பாரு," என்றாள்.

அலை உடைகிற இடத்துக்கு அப்பால் எங்கள் நாற்பது வாத்தும் மிதந்துகொண்டிருந்தன. ஏரியில் இருப்பதுபோல் நிம்மதியாக. அலை தூக்கும்போது எல்லாம் தெரியும், இறக்கும்போது ஒன்றும் தெரியாது.

கூப்பிட்டோம். பதில் குரல் கொடுத்தன, வரவில்லை. நான் இடுப்பளவு தண்ணீருக்குப் போனேன். அலை என்னை எடுத்து அவள் காலடியில் போட்டது.

சற்றுத் தள்ளிப் படகடியில் உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்தார். "இன்னாண்ணே, வாத்துக்கு நீச்சல் கத்துக்குடுக்கறியா?"

"தப்பிச்சு வந்துடுச்சுண்ணா. பெரிய பேஜாராப் போச்சு."

"நான் முப்பது வருசமா கடல்ல கீறேன். வாத்து கடல் தொழிலுக்குப் போயி இப்பதான் பாக்கறேன்."

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. ஏரி நடுவில் கொஞ்சம் வாத்து போய் நின்றுகொண்டால், மீதிக் கூட்டத்தைக் கரையில் கொண்டுவந்து காட்டுவோம். தன் கூட்டத்தைப் பார்த்ததும் போனவை வந்து சேர்ந்துகொள்ளும். எத்தனையோ ஏரியில் செய்திருக்கிறேன், ஒருமுறையும் தப்பியதில்லை.

"மீதிய ஓட்டிக்கினு வர்றேன்," என்றேன்.

"வேணாம்யா. ஏரி வேற, இது வேற."

"வாத்து ஒண்ணுதானே?" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அதே சேற்றில் திரும்பிப் போய், வலையைத் திறந்து, நூற்று இருபத்துச் சொச்சம் வாத்தைக் காட்டு வழியில் ஓட்டிவந்தேன். அவை சேற்றில் ஒரு சிரமமும் படவில்லை. விழுந்து எழுந்தது நான்தான். மணல்மேட்டின் மேல் ஏறியதும் முன்னால் போனவை நின்றன. கழுத்தை நீட்டின. கடலைப் பார்த்தன. அங்கிருந்த நாற்பதும் கத்தின. இவையும் கத்தின. அடுத்த நொடி மொத்தமும் சரிவில் இறங்கி, என் கோலையும் என் குரலையும் மதிக்காமல், நேராகக் கடலுக்குள் போய்விட்டன.

கூட்டத்தைக் கண்டதும் போய்ச் சேர்ந்துகொள்ளும் என்று நான் நினைத்தது சரிதான். யார் யாரிடம் போவது என்பதில் ஏமாந்துவிட்டேன்.

மீனவர் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். "வலையையும் தார்ப்பாயையும் கொண்டாந்து போட்டுடு, எல்லாம் ஒரே எடத்துல இருக்கட்டும்," என்றாள். எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். பதினோரு வருட உழைப்பு அலையில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் சிரித்துவிட்டேன். மூன்று பேரும் சிரித்தோம்.

அப்புறம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீனவரைக் கேட்டாள். "அண்ணா, இங்க நல்ல தண்ணி எங்க இருக்குது?"

"மேட்டுக்குப் பின்னால பள்ளத்துல மழத்தண்ணி நிக்குது பாரும்மா. இன்னாத்துக்கு?"

"காலையிலருந்து அதுங்க உப்புத் தண்ணியதான் குடிச்சிக்கினு கீதுங்க. தொண்ட எரியாது?"

கூழைக் கைமாற்றிக் குடித்தோம், மீனவருக்கும் ஒரு மடக்கு. சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். வெயில் ஏறியது. பிறகு அவள் காலி வாளியில் மழைத்தண்ணீரை மொண்டுவந்து, மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு, இன்னொரு பாத்திரத்தில் உயரத்திலிருந்து ஊற்றினாள். தினமும் சாயங்காலம் தீவனத்துக்கு அப்படித்தான் தண்ணீர் ஊற்றுவாள். அந்தப் பாத்திரம் மீனவருடையது, ஈயப் பாத்திரம், நன்றாகச் சத்தம் வந்தது. அலைச் சத்தத்தில் அது கேட்டிருக்குமா, ஊற்றும் தண்ணீர் வெயிலில் மின்னியது தெரிந்ததா, எனக்குத் தெரியாது. ஏழெட்டு முறை ஊற்றினாள்.

ஒன்று திரும்பியது. பின்னாலேயே பத்து. ஒவ்வொரு அலையும் பத்துப் பதினைந்து வாத்தைச் சுமந்துவந்து மணலில் இறக்கிவிட்டுப் போயிற்று. இறங்கியவை வாலை உதறிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேட்டில் ஏறிப் பள்ளத்துத் தண்ணீரில் தலையை விட்டன. சில, அலையில் குட்டிக்கரணம் போட்டுத்தான் வந்தன. மீனவர் வருகிற ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்.

"ஜல்தி எண்ணு," என்றாள். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பனைக்கு நடுவே விட்டு, இரண்டிரண்டாக எண்ணினோம். நூற்று அறுபத்திரண்டு. இரண்டு குறைந்தது. மறுபடி எண்ணினோம். அதே நூற்று அறுபத்திரண்டு. மீனவர் படகின் மேல் ஏறி நின்று கடல் முழுக்கப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலண்ணே," என்றார்.

போனது இரண்டுதான் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். ஆனாலும் அவள் மேட்டை விட்டு இறங்கும்வரை திரும்பித் திரும்பிக் கடலைப் பார்த்தபடி வந்தாள்.

காட்டு வழியில் பாதி தூரம் வந்தோம். டிராக்டர் சக்கரம் தோண்டிய ஒரு பள்ளத்தில், கலங்கிய மழைத்தண்ணீரில், இரண்டு பெட்டைகள் உட்கார்ந்திருந்தன. நான் கூட்டத்தை ஓட்டிப் போனபோதே அங்கே தங்கிவிட்டிருக்க வேண்டும்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "மகராசிங்களா! ஊரே கடலு பாக்கப் போவுது, நீங்க மட்டும் இங்க குந்திக்கினு கீறீங்களா?"

அவை எழுந்திருக்கவே இல்லை. ஆளுக்கு ஒன்றாகத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டோம். இரண்டும் வழியெல்லாம் கத்தின. மீதி நூற்று அறுபத்திரண்டும் எங்களுக்காக நிற்காமல், முழங்கால் சேற்றில் நாங்கள் வழுக்குவதைப் பொருட்படுத்தாமல், முன்னால் போய்க்கொண்டிருந்தன.