பேய்ப் படத்தில் பாதியில் எழுந்து போனவர்

செம்பூருக்குக் குடிவந்த ஒரு மாதத்துக்குள் எனக்கு என் கணவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் வராத சந்தேகம்.

அதற்கு முன்னால் தாராவியில் ஒரே அறையில் இருந்தோம். அவருக்கு அங்கேயே தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. நான் காட்கோபரில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். செம்பூர் வீட்டை அவரே தரகரிடம் பேசி முடித்தார். முதல் மாடி, தனியாக ஒரு படுக்கையறை, அதன் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் வாதாம் மரம். வீடு பார்க்கப் போன அன்று அந்த ஜன்னலை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.

வேலை முடிந்து எனக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் வந்துவிடுவார். சாவி அவரிடமும் உண்டு. ஆனாலும் நான் வரும்வரை கீழே டீக்கடையில் நிற்பார். முதல் வாரம் அதைப் பிரியம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் வாட்ச்மேன், "பாபிஜி, நீங்க இல்லாம சாஹப் மேல ஏறவே மாட்டேங்கிறாரே" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். அதன்பிறகு கவனித்தேன். தெருமுனையில் என் தலை தெரிந்ததும் போனைப் பைக்குள் போடுவார். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டார். "இங்கதான் காத்து வருது" என்றார். ஹாலில் ஜன்னலே கிடையாது.

அவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தேன். கிரிக்கெட், முதலாளியின் அழைப்புகள், ஊரிலிருந்து அவர் அம்மா. வேறொன்றும் இல்லை. அழித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் செம்பூர் தியேட்டர் ஒன்றில் தமிழ்ப் பேய்ப்படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு காட்சி. லேபில் எல்லோரும் டிரெய்லரைப் பார்த்துவிட்டு ரொம்பப் பயங்கரம் என்றார்கள்.

"பேய்ப்படமா? வேண்டாம்ட்டி. தல வலிக்கி" என்றார் இவர். தாராவியில் இருந்தபோது ஒரு பேய்ப்படம் விடாமல் பார்த்துச் சிரித்த மனுஷர். நான் விடவில்லை. அவர் இரண்டரை மணி நேரம் என் கண்முன்னால் இருப்பார் என்பதும் ஒரு காரணம்.

படம் படுமோசம். மலைமேல் ஒரு பங்களா, அதில் குடிவரும் ஒரு குடும்பம், திறக்கக்கூடாத ஒரு மாடியறை. பால் பொங்கினாலும் 'திடும்' என்று சத்தம், திரைச்சீலை அசைந்தாலும் 'திடும்'. பேய் முகத்தைக் காட்டியபோது அதன் காதோரம் விக் தூக்கிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் ஒரு குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. திரையில் பார்க்க ஒன்றும் இல்லாததால் நான் இவரைப் பார்த்தேன். ஏசிக் குளிரில் நெற்றி நனைந்திருந்தது. கையைப் பிடித்தேன். தினமும் நூறு கைகளைப் பிடிக்கிறவள். விரல் தானாக நாடிக்குப் போயிற்று. ஓடிவந்தவனுக்கு அடிப்பதுபோல அடித்தது.

இடைவேளைக்கு எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"யாருட்ட போன்ல பேசிட்டு இருந்திய?"

"யாருட்டயும் இல்ல."

"டீக்கடையில தெனம் யாருட்ட பேசுதிய? வீட்டுக்குள்ள ஏன் ஏற மாட்டேங்கிய? யாருன்னு சொல்லிருங்க. நான் சண்டை போட மாட்டேன்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். நான் எதைக் கேட்கிறேன் என்பது புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கிறுக்கி" என்றார். "அந்த வீட்டுல ஒரு பெரியவர் செத்துப் போயிருக்காருட்டி. தனியா இருந்திருக்காரு. ரெண்டு நாளு கழிச்சித்தான் கதவ ஒடச்சிருக்காவ. அட்வான்ஸ் குடுத்த பெறவுதான் தரகன் சொன்னான்."

"எந்த ரூம்ல?"

"உள் ரூம்ல."

நான் தினமும் தலைவாரும் அறை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அந்த ஜன்னல்ல நின்ன நிப்பப் பாத்த பெறவு எப்படிச் சொல்ல?"

வேறொருத்தி இல்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. செத்தவர்மேல் எனக்குப் பயம் வரவில்லை. இவர்மேல்தான் ஆத்திரம். மிச்சப் படத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தோம்.

எதிர்வீட்டில் ஒரு மராத்திக்கார அம்மா இருந்தார். எங்களைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்வார். மதராசி என்று இளக்காரம் போல என நினைத்திருந்தேன். அன்று இவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, இந்தியில் நேராகவே கேட்டேன். எங்கள் வீட்டில் செத்தவர் யார்?

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் உள்ளே உட்காரச் சொன்னார். ஸ்கூல் வாத்தியாராக இருந்தவராம். காலையில் அந்த அம்மா படித்து முடித்த பேப்பரை வாங்கிப் போவாராம். ஜன்னலில் காக்கைக்குச் சப்பாத்தி பிய்த்துப் போடுவாராம். பழைய சினிமாப் பாட்டைத் தப்பும் தவறுமாக விசிலடிப்பாராம்.

"ரெண்டு நாள் பேப்பர் வாங்க வரல. மகன் வீட்டுக்குப் போயிருப்பார்னு நானா நினைச்சுக்கிட்டேன். ஒரு தடவ கதவத் தட்டியிருக்கலாம்" என்றார். "அதுலேருந்து உங்க கதவப் பாக்கவே என்னால முடியல."

என் கணவர் மெதுவாக, "அவரு எந்தப் பாட்ட விசிலடிப்பாரு?" என்று கேட்டார். அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

மறுநாள் நான் வரும்போது டீக்கடையில் அவர் இல்லை. மேலே விளக்கு எரிந்தது. அந்த வாரமே கட்டில் படுக்கையறைக்குத் திரும்பியது. எதிர்வீட்டுக் கதவும் இப்போது பகலெல்லாம் திறந்தேதான் கிடக்கிறது.

ஆனால் ஒரு மாதம் முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஒன்றை மறைத்துவைக்க அவரால் முடிந்திருக்கிறது. அது எனக்கு அதுவரை தெரியாது. சாப்பிடும்போது சில நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னட்டி அப்படிப் பாக்கே?" என்பார்.

"ஒண்ணுமில்ல" என்று குழம்பை ஊற்றுவேன்.