சௌசௌ சாமி

பெரியம்மா மகள் செய்த கேரட் பஸ்ஸின் கடைசிச் சக்கரத்தையும் தம்பி கடித்து விழுங்கிய நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு பஸ்ஸே இவ்வளவு செய்கிறதென்றால், சாமி எவ்வளவு செய்யும்!

தம்பிக்கு அப்போது மூன்று வயது. காயைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வான். லீவுக்குச் சேலத்திலிருந்து மலையேறி வந்த அந்த அக்கா, அவித்த கேரட்டில் பஸ் செய்து, பட்டாணிகளைப் பயணிகளாக ஏற்றினாள். தட்டைச் சுற்றிக் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு தம்பி விசிலடிக்க வேண்டும். அவனுக்கு ஒரு துண்டு, அவளுக்கு ஒரு துண்டு. அம்மா அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். ஆளாளுக்கு இதயம் அனுப்பினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் தம்பிக்கு ஊட்ட இவள் யார்?

மறுநாள் சமையலறையைப் பிடித்துக்கொண்டேன். அவித்த சௌசௌவின் தோலைச் சீவி மஞ்சள் தடவினேன். மிளகுக் கண்கள், பீட்ரூட் உதடு, கேரட் கிரீடம், பீன்ஸ் மாலை. சேர்வராயன் கோயிலில் தம்பி கண்கொட்டாமல் நின்றது நினைவுக்கு வர, பூஜை அலமாரியிலிருந்து குங்குமம் எடுத்து வைத்தேன். அதுவும் போதாதென்று ஒரு ஊதுபத்தி.

தம்பி வந்தான். பார்த்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டான்.

"தின்னுடா, நொம்ப நல்லாருக்கும்" என்று கிரீடத்தைப் பிய்க்கப் போனேன்.

"சாமிக்கு வலிக்கும்!" என்று அலறினான்.

ஓடிவந்த அம்மாவின் கைகளும் தாமாகக் குவிந்தன. பிறகுதான் சிரிப்பு வந்தது அவளுக்கு. "ஏனுங்க, இங்க வந்து பாருங்க. ஊதுபத்தி வேற பத்த வெச்சிருக்கா. இனி இதை எப்படிங்க கொழம்புல போடறது?"

"குப்பையிலயும் போடக்கூடாது. கால் படாத எடமாப் பாத்து வெச்சுரலாம்" என்ற அப்பா, தட்டோடு கொண்டுபோய் சில்வர் ஓக் மரத்தடியில் வைத்தார். அவர் திரும்புவதற்குள் ஒரு குரங்கு இறங்கிவந்து கிரீடத்திலிருந்து ஆரம்பித்தது.

"உன் சமையலுக்கும் ஆளு வந்துருச்சு போ" என்றாள் அக்கா. அவள் இடுப்பில் உட்கார்ந்து தம்பி கைதட்டினான்.

அம்மா என் தலையைத் தடவினாள். "அக்கா அவங்கூடவே உக்காந்து திங்கறா பாரு, கண்ணு. நீயும் ஒரு வாய் தின்னு பாரேன்."

பீன்ஸைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியே பழகிய எனக்கு அது காதில் ஏறவில்லை. தப்பு உருவத்தில்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். நாளைக்கு ஏரிப் படகு. பாதி சௌசௌவைக் குடைந்து, பீன்ஸ் துடுப்பு செருகி, ரசத்தில் மிதக்கவிட்டு, அவன் தின்பதை எதிரே நின்று பார்ப்பேன்.