கீழிருந்து அடித்த மழை

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தகரக் கூரையில் சோலார் பலகை மாட்ட, அதன் கால்களுக்கு ஓட்டை போட வேண்டியிருந்தது. ஓட்டையில் மழை இறங்காமலிருக்க, போல்ட்டோடு இறுகும் புது ரப்பர் வாசரே போதும் என்றேன். கொட்டகை வேலை பார்க்கும் என் அண்ணன் சிரித்தார்.

“சைக்கிள் டியூப்பை நம்பி வீட்டுக்குள்ள படுப்பியாத்தா?”

எனக்காக ஒரே ஒரு காலுக்கு ரப்பர் போட்டுவிட்டு, மற்ற கால்களுக்கெல்லாம் வழக்கம்போல், மேலிருந்து வரும் தண்ணீர் ஓட்டையைத் தாண்டி வழிந்தோடும்படி தகரத் தகட்டை மடித்துச் செருகினார். மேலிருந்து நாலு குடம் தண்ணீர் ஊற்றியும் காட்டினார். எங்கும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஊரில் ஆடிச் சாரல் மேலிருந்தா விழுகிறது? மேற்கு மலையிலிருந்து வரும் காற்று அதைச் சாய்த்துக் கொண்டுவந்து, கூரைச் சரிவில் கீழிருந்து மேலே ஏற்றும். திராட்சைக்கு மருந்தடிக்க வாங்கிய புது ஸ்பிரேயரில் வெறும் தண்ணீரை நிரப்பினேன். அண்ணனை வீட்டுக்குள், அவர் தகடு செருகிய கால்களுக்கு நேர் கீழே நிற்கச் சொன்னேன். மேற்குப் பக்கம் போய், கூரையின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினேன்.

வெளியே வந்த அண்ணனின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அந்த சைக்கிள் டியூப்பு இன்னும் எத்தனை இருக்கு?” என்றார்.