ஜெபமணி எழுத மறுத்த ஒரு சொல்

தச்சநல்லூரிலிருந்து ஜெபமணியின் தம்பி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றான். "அக்கா போயிட்டா" என்றான். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று முந்தின வாரம்தான் சொல்லியனுப்பியிருந்தார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவளோடு எனக்கு ஒரு வழக்கு பாக்கி இருந்தது.

ஜெபமணி என்னைவிட இளையவள். பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கு இருவரும் ஒரே நாளில் வேலைக்கு வந்தோம். இங்கிலீஷில் முழு வாக்கியம் எது, துண்டு எது என்று அவளைப்போல் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது; அவளிடம் படித்த உங்களுக்கே தெரியும். 'மழை நின்றதும்' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். பிள்ளைகள் பொறுக்கமாட்டாமல், "பொறவு, டீச்சர்?" என்பார்கள். "கேட்டியளா? அப்பம் அது துண்டு" என்பாள். 'அவர் வாத்தியார்' என்று வினையில்லாமல் பேசிப் பழகிய பிள்ளைகள் இங்கிலீஷிலும் அப்படியே எழுதும். "தமிழுக்கு அது போதும்ளா. இங்கிலீஷுக்கு வினை இல்லாம சோறு இறங்காது" என்று சிரித்துக்கொண்டே திருத்துவாள்.

ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த துரைசானி, உன் அம்மா எங்கே என்று ஒரு சிறுமியிடம் இங்கிலீஷில் கேட்டார். 'ஆற்றங்கரையில்' என்று பிள்ளையும் இங்கிலீஷிலேயே சொன்னது. "அரைப் பேச்சு பேசும் வீடுகளில் நினைப்பும் அரைதான்" என்றார் துரைசானி. பிள்ளை அழுதுவிட்டது. ஜெபமணி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் தலைமை உபாத்தியாயினி வேலை காலியானது. இங்கிலீஷ் பரீட்சையில் தேறினால் அது அவளுக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அவளும் சேர்ந்தே எழுதினோம். முழு வாக்கியத்தையும் துண்டையும் பிரித்துக் காட்டு என்று கேள்வி. அதில் 'ஆற்றங்கரையில்' என்பதும் ஒன்று. துண்டு என்று ஒரு சொல் எழுதினால் போதும். இவளோ, கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டால் அது அரைப் பேச்சு ஆகாது என்று பக்கம் பக்கமாக வாதாடிவிட்டு வந்தாள். மற்றக் கேள்விகளுக்கு நேரமே இல்லை. நான் தேறினேன், அவள் தேறவில்லை.

அவளுக்காக அந்த வேலையை ஒரு வருஷம் காலியாகவே வைத்திருந்தார்கள். படித்துப் படித்துச் சொன்னேன். "துண்டுன்னு எழுதிட்டு வாளா. உன் நியாயத்தைப் பொறவு பாப்போம்." "சரிக்கா" என்று போனாள். மறுபடியும் அப்படி ஒரு கேள்வி வந்தது. மறுபடியும் வாதாடிவிட்டு வந்தாள். கல்லில்கூட நார் உரித்துவிடலாம்.

அவள் படுக்கையில் கிடந்தபோது, உடன்குடிக் கருப்பட்டி போட்டுச் சுக்குத்தண்ணீர் காய்ச்சிக் கொண்டுபோனேன். கொண்டுபோன இடத்திலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஒத்தைச் சொல்லு. எழுதியிருந்தா கை ஒடிஞ்சா போயிரும்?" என்றேன்.

"யக்கா, நீ சொன்னது சரிதாம்ளான்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். பரீட்சையில போயி மாத்தி எழுதவா?"

என்னிடம் பதில் இருந்தது. ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளைகளையெல்லாம் விட்டுவிட்டாயே என்று கேட்டிருப்பேன். காய்ச்சல் இறங்கட்டும், பைய கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அவள் செய்தது சரி என்று இன்றைக்கும் ஒப்பமாட்டேன். அவள் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: தலைமை உபாத்தியாயினியின் நாற்காலி. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதியவள் என்பதால் அதை எனக்குக் கொடுத்தார்கள்.