கேமரா விட்டுவிட்ட முகம்

என் இடது கண் முழுதாகத் திறக்காது. சிறுவயதில் அப்பாவோடு செம்பனைக் காட்டுக்குப் போனபோது, மேலிருந்து விழுந்த மட்டையின் முள் இமையைக் கிழித்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தைத்துவிட்டார். இமை ஒட்டிக்கொண்டது, தூக்கும் சக்தி போய்விட்டது. அந்தப் பாதிக் கண்ணோடுதான் பள்ளிக்கூடம், கல்யாணம், வேலை எல்லாம். பார்வையில் குறையில்லை. யாரும் பெரிதாகக் கேட்டதுமில்லை, தொழிற்சாலையில் கேமரா மாட்டும்வரை.

பெடாஸ் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்தத் தொழிற்சாலை. பாமாயிலோடு சில ரசாயனங்களைச் சேர்த்துக் காய்ச்சி, பெயிண்டுக்கான பிசின் செய்வோம். காய்ச்சுவது ரியாக்டர் என்கிற மிகப்பெரிய மூடிய அண்டாவில். அதன் ஒப்பரேட்டர் நான். முன்பெல்லாம் வால்வைத் திருகுவது, சூட்டைக் கூட்டுவது, பிசினைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது என்று உட்கார நேரமிருக்காது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பழைய கணக்குகளையெல்லாம் படித்து அதுவே சூட்டை முடிவு செய்தது, அதுவே ஊற்றியது, அதுவே நிறுத்தியது. நான் ரியாக்டருக்குப் பக்கத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டும். செய்ய ஒன்றுமில்லாதவன் தூங்கிவிடக்கூடாதே என்று கேமராவையும் வாங்கினார்கள். முகத்தைப் பார்த்து, தூக்கமா விழிப்பா என்று சொல்லிவிடுமாம். ஹெல்மெட் போடாமல் உள்ளே வருபவனையும் காட்டிக்கொடுக்குமாம்.

இரண்டையும் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. சின்ன வயதில் தோட்டத்தில் என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன். டிப்ளோமா படித்து, வேறெங்கோ வேலை பார்த்து, கடைசியில் எங்கள் தொழிற்சாலைக்கே மேனேஜராக வந்து சேர்ந்தான்.

கேமராவை அறையின் இடதுபக்கச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். முதல்நாள் காலையில் போய் உட்கார்ந்ததுமே மஞ்சள் விளக்கு சுழன்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் மலாயில், "ஒப்பரேட்டர் மெங்ஙாந்தோக். சீலா பாங்ஙூன்" என்றது. ஒப்பரேட்டர் தூங்கி வழிகிறார், தயவுசெய்து எழுந்திருங்கள் என்று அர்த்தம். தொழிற்சாலை முழுக்கக் கேட்டது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்திருக்கச் சொன்னது. மத்தியானத்துக்குள் டிரம் அடுக்குகிறவர்கள் அந்தக் குரலோடு சேர்ந்து சொல்லப் பழகிவிட்டார்கள். கேண்டீனில் நான் தட்டை வைத்ததும் ஒருவன், "தூங்குமூஞ்சி அண்ணே, சோத்துல விழுந்துடாதீங்க" என்றான். மேசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மச்சினனிடம் போய், கேமராவை வலதுபக்கம் மாற்றச் சொன்னேன்.

"முடியாதுலா மச்சான். அந்த ரூம்ல வயர் இழுக்க தனி பெர்மிட் வேணும். ஒரு ஆளுக்காக யாரு மறுபடி பெர்மிட் எடுப்பா? நீங்க கண்ண கொஞ்சம் தொறந்து வெச்சுக்குங்க."

"என் கண்ணு எப்டின்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. அதான் சொல்றேன். பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்குங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். சாயந்திரம் நான் வீட்டுக்கு வருவதற்குள் அவன் அக்காளுக்கு, என் மனைவிக்கு, போன் போயிருந்தது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தபோது அவள் பிளாஸ்டரைக் கத்தரித்து வைத்திருந்தாள். "எத்தன தடவ பெல் அடிச்சுச்சுன்னு மேலிடத்துல அவனக் கேக்குறாங்களாம். தம்பிக்குக் கெட்ட பேரு வரலாமா?" என்று சொல்லிக்கொண்டே இமையை மேலே இழுத்துப் புருவத்தோடு ஒட்டினாள். அவள் விரல் மென்மையாகத்தான் இருந்தது. ஒட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்பதான் மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க" என்றாள்.

அப்படியே தினமும் போனேன். பிளாஸ்டர் ஒட்டிய கண்ணைச் சிமிட்ட முடியாது. ரியாக்டர் சூட்டில் அது காய்ந்து மிளகாய் அப்பியதுபோல் எரியும். தண்ணீராக வடியும். கேமரா மட்டும் வாயைத் திறக்கவில்லை. விழித்திருக்கிறேன் என்று நம்பிவிட்டது. ஒருநாள் அந்தக் கண்ணில் வெள்ளையாக மறைக்கவே, லோபாக்கில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் புண் என்றார். "யார் இப்படி ஒட்டச் சொன்னது?" என்று அதட்டினார். வேலையிடத்தில் என்றேன். நம்பாமல் பார்த்தார்.

பிளாஸ்டரை எடுத்தேன், பெண்குரல் திரும்பி வந்தது. கேமரா விற்ற கம்பெனியிலிருந்து ஓர் இளைஞனை வரவழைத்தார்கள். என் முகத்தைக் கற்றுக்கொடுத்தால் அதற்குப் புரிந்துவிடும் என்றான் அவன். கேண்டீன் வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். விழித்திருப்பதுபோல் ஒன்று, கொட்டாவி விடுவதுபோல் ஒன்று, தூங்குவதுபோல் ஒன்று. கூட்டம் கூடிவிட்டது. "குறட்டை விடுங்கண்ணே!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு நாள் பாடுபட்டும் அதற்கு என் விழிப்புக்கும் தூக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இளைஞன் மச்சினனிடம் ஏதோ சொன்னான். மச்சினன் திரையில் என் படத்தைத் தொட்டு எதையோ மாற்றினான்.

"முடிஞ்சிருச்சு மச்சான். இனிமே அது உங்களப் பாக்காது. நிம்மதியா இருங்க."

நிம்மதியாகத்தான் இருந்தேன். பொய் சொல்லவில்லை, அந்த வாரங்களைப்போல் சந்தோஷமாக நான் அங்கே வேலை பார்த்ததே கிடையாது. மஞ்சள் விளக்கு சுழலவில்லை, யாரும் கூப்பிட்டுச் சிரிக்கவில்லை. ஒரு காலையில் எல்லாருக்கும் ரொட்டிச் சானாய் வாங்கிக்கொண்டு போனேன்.

காய்ச்சும்போது உள்ளே காற்றுப் புகுந்தால் பிசின் கருத்துவிடும். அதனால் ரியாக்டருக்குள் நைட்ரஜன் விடுவோம். அந்தக் குழாய் என் அறைச் சுவரை ஒட்டிப் போகும். அதில் ஒரு மூட்டு தளர்ந்திருந்ததாம். நைட்ரஜனுக்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய அறையில் நிறைந்தால் மூச்சுக்கு வேண்டிய காற்றை வெளியே தள்ளிவிடும். அதைக் காட்டிக்கொடுக்கிற மீட்டரைப் பழுதுபார்க்க எடுத்துப் போனவர்கள் திரும்பக் கொண்டுவந்து மாட்டவில்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் எண்கள் சரியாக இருந்தன. அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது. நான் தலை சாய்ந்து கிடந்தேன். கேமரா என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலி டிரம் எடுக்க வந்த ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளி கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறான். என் உதடு நீலமாக இருந்ததாம். கதவைத் திறந்து என்னைக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறான். குனிந்தபோது அவன் ஹெல்மெட் கழன்று விழுந்தது. உடனே விளக்கு சுழன்றது. ஹெல்மெட் இல்லாத ஆள் அறைக்குள் நுழைந்துவிட்டான் என்று பெண்குரல் கத்தியது. அவனைத் திட்டுவதற்காக ஓடிவந்தவர்கள்தான் என்னைப் பார்த்தார்கள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். கைகள் நடுங்கின. மனைவியின் பெயர் உடனே வாயில் வரவில்லை. மச்சினன் ஆப்பிள் பையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். அக்காள் அவனுக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

"மச்சான், இன்ஸ்பெக்டர் வருவாங்க. நீங்களே கேட்டதாலதான் கேமராவுலேருந்து எடுத்தோம்னு சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

"நான் கேமராவ மாத்தி வைக்கத்தானே சொன்னேன்."

"ரெண்டும் ஒன்னுதான்லா."

மறுநாள் ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். அமைதியாகக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிளாஸ்டரையும் சொன்னேன். மனைவி சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

விசாரணை முடிவில் கம்பெனி எல்லாவற்றையும் மச்சினன் தலையில் போட்டது. யாரையும் கேட்காமல் அவனாகச் செய்தான் என்று வேலையிலிருந்து எடுத்தது. என்னை, வேலைக்குத் தகுதியில்லாத உடம்பு என்று எடுத்தது. என்னை இழுத்துக் காப்பாற்றியவனுக்கு, அனுமதியில்லாத இடத்துக்குப் போனான் என்று வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்குப் போகுமுன் அவன் என்னைப் பார்க்க வந்திருக்கிறான். நான் மருந்து மயக்கத்தில் இருந்தேன். மனைவி வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள். கண்ணாடி அறையில் இப்போது யாரும் உட்காருவதில்லையாம். கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது.

மனைவி என்னோடு சண்டை போடவில்லை. ஒரே ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா ஒங்க வாய் வெந்துருமா?" என்றாள். மாதத்தில் பாதி நாள் கோலா பிலாவில் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவன் அங்கே லாரி ஓட்டுகிறான்.

போன மாதம் பசாரில் அவனை எதிரில் பார்த்தேன். விலகிப் போவான் என்று நினைத்தேன். நேராக வந்தான். என் கையில் நடுங்கிக்கொண்டிருந்த மீன் பையை வாங்கி, மோட்டார்சைக்கிள் நிறுத்தியிருந்த இடம்வரை தூக்கி வந்தான். பையை மாட்டிவிட்டுச் சொன்னான்:

"கோவத்துல சொல்லல மச்சான். யோசிச்சுப் பாத்துதான் சொல்றேன். அன்னைக்கு நீங்க போய்ச் சேந்திருந்தா அக்காவ நான் பாத்துட்டிருந்திருப்பேன். இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்ல ஆளில்லாம என் வேலயும் இருந்திருக்கும். இப்ப யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க?"

அவன் முகத்தில் கோபம் இல்லைதான். பதிலுக்காக நின்றான். தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்தேன். அன்று மனைவி இருந்தாள். மீனை வாங்கிக் கழுவினாள். பசாரில் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். தம்பியைப் பார்த்ததைச் சொன்னேன், அவன் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுத் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"எளச்சிருக்கானா?" என்று கேட்டாள்.