மச்சானுக்கு நீராவி, எனக்கு லேசர்

பத்தாவதோடு நின்றவன், அதுவும் கூச்சக்காரன், இப்படி ஒரு விஷயத்தை எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் ஒரே விசைப்படகில் நானும் தங்கை வீட்டுக்காரரும் தொழிலுக்குப் போகிறோம். இருவருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீக்கம். சிறுநீர் கழிக்கப் படகின் பின்பக்கம் போய் நெடுநேரம் நிற்போம். வலை இழுக்கிறவர்கள், "இன்னாபா, கடல ரொப்பிகினு கீறீங்களா?" என்பார்கள்.

அவர் நீராவி சிகிச்சை செய்துகொண்டார். கத்தி வைக்காமல், சிறுநீர்ப் பாதை வழியே ஆவி செலுத்திச் சுரப்பியைச் சுருங்கவைப்பது. சில நாள் அவர் சிறுநீர் டியூபோடு அவதிப்பட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சில வாரங்களில் அவர் பின்பக்கம் போனதும் சட்டென்று முடித்துவிட்டு வலைக்குத் திரும்பினார். நான் மட்டும் தனியாக நின்றேன். கிண்டல் மொத்தமும் எனக்கே வந்தது. வயிறு எரிந்தது.

நானும் டாக்டரிடம் போனேன். சுரப்பி ரொம்பப் பெரியது, ஆவி சரிப்படாது, லேசரால் உள்ளே குடைந்து எடுக்கலாம் என்றார். சுலபமானது இதிலும் அவருக்குத்தான்.

தங்கை வீட்டில் சொன்னபோது அவர் சிரித்தார். "பெர்சா இருந்தாலும் பேஜாரு தான் மச்சான். நாளிக்கு ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன்."

வேறு யாராவது வந்தால் தேவலை என்று நினைத்தேன்.

மறுநாள் அவர்தான் வந்தார். லேசருக்குத் தேதி கொடுத்தார்கள்.