அண்ணையின் பாம்பு இட்ட முட்டைகள்

அண்ணை இறந்து கிட்டத்தட்ட ஒரு கிழமை கழித்துத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு கவுன்சில் பிளாட்டில் தனியாக இருந்தவர். கீழ் வீட்டுக்காரர் மணக்கிறது என்று முறையிட, பொலிஸ் வந்து கதவை உடைத்திருக்கிறது. மாரடைப்பு என்றார்கள். நான் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். பஸ் ஏறினால் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் அவரிடம் போய்விடலாம்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் என்று அவரும் நானும் மட்டும்தான். அவர் முதலில் ஜெர்மனிக்குப் போனார். அங்கே கல்யாணம் கட்டி, அது முறிந்து, பிறகு லண்டனுக்கு வந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிடுவார், என் கணவரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பார், போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் எடுப்பேன். "எப்பிடி அண்ணை?" என்றால் "இருக்கிறன்" என்பார். அந்த ஞாயிறு அவர் எடுக்கவில்லை. எடுக்காத ஞாயிறுகள் முன்பும் இருந்தன.

பிளாட்டைக் காலி பண்ணக் கவுன்சில் அதிக நாள் தரவில்லை. கணவர் உடுப்புகளைக் கறுப்புப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார். நான் படுக்கையறைக்குள் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான கண்ணாடிப் பெட்டி; உள்ளே மரத்தூளும் ஒரு மூலையில் பாசியும் ஒரு தண்ணீர்ச் சட்டியும். காலியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தபோது மரத்தூள் அசைந்தது. செம்மஞ்சள் நிறத்தில், என் கைவிரலை விடக் கொஞ்சம் தடித்த ஒரு பாம்பு தலையைத் தூக்கிப் பார்த்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போனேன். பிறகு பிரீசரைத் திறந்தால், மீன் பைக்குக் கீழே ஒரு கவர் நிறைய உறைந்த எலிக்குஞ்சுகள்.

அண்ணை பாம்பு வளர்த்தார் என்று எங்களுக்குத் தெரியாது. எத்தனையோ பொங்கலுக்கு வந்து போனவர், ஒரு சொல் சொன்னதில்லை.

பெட்டியில் ஒட்டியிருந்த கடை நம்பருக்கு அடித்தேன். அது கோர்ன் ஸ்னேக், விஷமில்லை என்றார் கடைக்காரர். தன்னிடம் இப்போது இடமில்லை, கொஞ்ச நாள் நீங்களே வைத்திருங்கள் என்றார். கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியாத வீட்டுக்குள்ள பாம்போ? உமக்கென்ன விசரோ?"

"அண்ணை வைச்சிருந்தது," என்றேன். பெட்டியின் ஒரு பக்கத்தை நானே தூக்கினேன். அவர் காரின் பின்சீட்டை மடித்துவிட்டார்.

மாடியில் அரிசிப் பைகள் வைக்கும் சின்ன அறையில் பெட்டியை வைத்தோம். அன்றைக்கே அவர் அரிசியைக் கீழே இறக்கினார். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், இறைச்சி பிடித்துப் பழகிய கை. ஆனாலும் அந்த எலியைச் சுடுதண்ணீரில் இளக வைத்து இடுக்கியால் நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாம்பு அதைத் திரும்பியும் பார்க்காது. உடம்பின் பின்பாதி வீங்கிக்கொண்டு வந்தது. இதுவும் சாகப் போகிறது, அதையும் நான்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது, செத்துப்போன மனிசன் மேல் எனக்குக் கோபம் வந்தது.

அந்தியேட்டி முடிந்து சில நாளில், காலையில் வேலைக்குப் போகுமுன் மூடியைத் திறந்தேன். ஈரப் பாசிக்குள் வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு குவியல் முட்டை. பாம்பு அதைச் சுற்றி, காற்றுப் போன டியூப் மாதிரிக் கிடந்தது.

ஆண் இல்லாமலும் சில வேளை முட்டை இடும், அவை வெறும் முட்டைகள் என்றார் கடைக்காரர். ஆனாலும் புரட்டாமல், இருந்தபடியே எடுத்து வையுங்கள் என்று சொல்லி, சூடு காட்டும் சின்னப் பெட்டி ஒன்றை இரவலாகத் தந்தார். சில நாள் போனதும் அறையை இருட்டாக்கி டோர்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது, தெரியாவிட்டால் எறிந்துவிடலாம்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, போனின் வெளிச்சத்தை முட்டையில் வைத்தேன். உள்ளே சிவப்பு நூல்கள் ஓடின. அடுத்ததிலும் ஓடின. மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கடைக்காரருக்கு உடனே அடித்துச் சொன்னேன். "அப்ப ஆண் பாம்பு ஒண்டு இருந்திருக்கு," என்றார். அண்ணையோடு சனிக்கிழமைகளில் கடைக்கு ஒருவர் வருவாராம், அவரிடம் ஆண் இருக்கிறதாம், கொஞ்ச நாளாக அவரையும் கடைப்பக்கம் காணவில்லையாம். அந்தப் பிளாட்டின் படியில் எங்களைத் தவிர ஒருத்தரும் ஏறியதில்லை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். நம்பர் தர மாட்டேன், உங்கள் நம்பரை அவரிடம் கொடுக்கிறேன் என்றார். அண்ணை செத்த விஷயத்தை நானே சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிறு அண்ணையின் நண்பர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், சுவர் பூச்சு வேலை செய்து ஓய்ந்தவர், ஒரு காலை இழுத்து நடந்தார். வாசலிலேயே, அண்ணை இப்போது இங்கேயா இருக்கிறார் என்று கேட்டார். செத்துப்போனதைச் சொன்னேன். அவர் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பல முறை போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் ஜெர்மனிக்குப் போய்விட்டார் என்று நினைத்து, கடைசி முறை கதவைக் காலால் உதைத்தும் இருக்கிறார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தை என்னால் பார்க்க ஏலவில்லை.

பிறகுதான் நீங்கள் யார் என்று கேட்டார். தங்கச்சி என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குத் தமிழில்தான் மனதில் நிற்கிறது.

"தங்கச்சி செத்துப்போனா எண்டெல்லோ சொன்னவர். ஊரில, சண்டைக்குள்ள ஷெல் விழுந்து."

குசினியில் கணவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அது மற்றவ," என்றேன்.

அவர் நம்பினார். அண்ணை நன்றாகச் சிரிக்கச் சிரிக்கக் கதைப்பாராம். அந்தத் தங்கச்சியைப் பற்றிச் சொன்னால் மட்டும் அழுவாராம். எனக்காக அழுதிருக்கிறார். நான் ஈஸ்ட்ஹாமில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது.

அவர் போன பிறகு கணவர் கேட்டார், "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"அண்ணையைப் பொய்க்காரனெண்டு அவர் நினைக்கக் கூடாது."

"உம்மட அண்ணை அப்பிடிச் சொல்லுமளவுக்கு நாங்கள் அவருக்கு என்ன செய்தனாங்கள்?"

கழுவிய கோப்பைகளைத் துடைத்து அடுக்கினேன்.  அன்று பின்னேரம் கணவர் முதல்முறையாக அந்த அறைக்குள் போய், பெட்டியில் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

முட்டைகள் ஒவ்வொன்றாகக் கெட்டன. மஞ்சளாகி, குழி விழுந்து, பூஞ்சணம் பிடிக்கும். கெட்டதைக் கரண்டியால் பிரித்தெடுக்கும்போது வரும் மணம் அந்தப் பிளாட்டின் மணம். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே நிற்பேன். தாய்ப் பாம்பைத் தான் தேற்றிப் பார்க்கிறேன் என்று நண்பர் கொண்டுபோனார். அதுவும் தேறவில்லை. போனில் சொல்லும்போது அழுதார்.

ஞாயிறுதோறும் அவர் வருவார். குஞ்சு வந்தால் எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று சொல்லித் தருவார், அண்ணை சொன்ன பகிடிகளைச் சொல்லுவார். நானும் சிரிப்பேன். சிரித்து முடிந்ததும், வேறு யாரோ ஒருவருடைய செத்த வீட்டில் இருப்பது போல இருக்கும்.

கடைசியில் மிஞ்சியது மூன்று முட்டை. ஒரு நாள் மூன்றிலும் கீறல் விழுந்திருந்தது. இரண்டு குஞ்சுகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி அன்று முழுவதும் முட்டைக்குள்ளேயே கிடந்தன. மூன்றாவது கீறலில் ஒன்றும் வரவில்லை. நண்பர் வெட்டிப் பார்த்தார், உள்ளேயே செத்திருந்தது. வெளியே வந்த இரண்டில் ஒன்றுக்கு முதுகு கோணல். அதுவும் அந்தக் கிழமைக்குள் போய்விட்டது. என் கணவர் தோட்டத்தில் ரோசாச் செடியடியில் குழி தோண்டினார்.

மிஞ்சிய ஒன்றை நண்பர் எடுத்துக்கொண்டார். காற்றுப் போக மூடியில் துளையிட்ட டப்பாவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். குஞ்சு பொரித்தால் செத்துப்போன தங்கச்சியின் பெயரை வைப்போம் என்று அண்ணை சொல்லியிருந்தாராம். பெயரை மட்டும் சொல்லவே இல்லையாம்.

"அவவின்ர பேர் என்ன?" என்று கேட்டார்.

என் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர்தான் அவருக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் அண்ணையும் மட்டும் கூப்பிட்ட வீட்டுப் பெயர் ஒன்று எனக்கு உண்டு. கூப்பிட இனி ஒருவரும் இல்லாத அந்தப் பெயரைச் சொன்னேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார், நாக்கு வளையவில்லை. பரவாயில்லை, எழுதி அனுப்புங்கள் என்றார்.

அன்றைக்கே அனுப்பிவிட்டேன். மாதத்துக்கு ஒரு படம் அனுப்புகிறார். பாம்பு இப்போது நீளமாகிவிட்டது.